விருதுக்கு டீச்சரே மனு போடணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுக்கோட்டை மாவட்டம் கந்தர்வகோட்டை பக்கம் ஒரு கிராமத்துல இருந்து எழுதுறேன். வீட்டுலயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட், பாவாடை தைக்கிறேன், பிள்ளைங்க ரெண்டு, மூத்தவ பக்கத்து ஊர் ஹைஸ்கூல்ல ஆறாவது, சின்னவன் எங்க ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளில மூணாவது. 2024 ஆகஸ்ட்ல பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதுசா போட்டப்ப, 24 பேர் குழுவுக்கு என்னையத் தலைவியா தேர்ந்தெடுத்துட்டாங்க. அதுவரைக்கும் ஸ்கூல்னா கேட்டு வரைக்கும் போயி பிள்ளையை விட்டுட்டு வர்ற ஆளு தான் நான். இப்ப மாசாமாசம் உள்ள உக்காந்து பேசுறதால சில விஷயம் கண்ணுல படுது, அதைத் தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

2025 ஜூலைல திருச்சில பள்ளிக் கல்வித் துறை விழா நடந்துச்சுல்ல, அண்ணா தலைமைத்துவ விருதுன்னு 100 தலைமையாசிரியருக்குக் குடுத்தாங்க, ஒவ்வொருத்தர் ஸ்கூலுக்கும் 10 லட்சம், அது போக பேராசிரியர் அன்பழகன் பேர்ல நல்ல பள்ளிக்கூடங்களுக்கும் விருது. அந்தப் படத்தை உங்க பேப்பர்ல பார்த்துட்டு, மெஷினை நிறுத்திட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர்ங்க பேப்பர்ல வர்றதுன்னா முன்னாடி போராட்டத்துக்கோ புகாருக்கோ தான் வருவாங்க. இப்ப மேடைல மாலையோட வர்றாங்க, அது உண்மைலயே சந்தோஷம். இன்னும் கொஞ்ச நாள்ல செப்டம்பர் 5 வேற வரப் போகுது, மாநில நல்லாசிரியர் விருது, டாக்டர் ராதாகிருஷ்ணன் பேர்ல குடுக்கிறது. 10,000 ரூபா, வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். அதைப் பத்தி தான் சொல்ல வந்தேன்.

போன வருஷம் இந்த நேரம் எங்க பெரிய டீச்சர் (தலைமையாசிரியரை எங்க ஊர்ல பிள்ளைங்க அப்படித் தான் கூப்பிடும், இன்னொருத்தர் சின்ன டீச்சர், மொத்தமே ரெண்டு பேர் தான், பிள்ளைங்க 41) ஒரு நாள் சாயந்திரம் எங்க வீட்டுக்கு வந்தாங்க. என் தம்பி கிட்ட லேப்டாப் இருக்கு, அதுல ஒரு அப்ளிகேஷன் போடணும்னாங்க. என்ன டீச்சர்னு கேட்டதுக்கு சொல்லவே கூச்சப்பட்டாங்க. சின்ன டீச்சர் தான் வற்புறுத்தி அனுப்பிருக்காங்க, நல்லாசிரியர் விருதுக்குப் போடுங்கன்னு. சரின்னு தம்பி உக்காந்து டைப் பண்ண ஆரம்பிச்சான். உங்க சாதனைகள் என்ன, அதுக்கு ஆதாரம் என்ன, போட்டோ இருக்கா, பேப்பர்ல வந்த செய்தி இருக்கா, இப்படியே போச்சு. டீச்சர் போன்ல இருக்கிற படத்தை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தாங்க. இருந்ததெல்லாம் பிள்ளைங்க படம். சுதந்திர தினத்துக்கு வரிசைல நிக்கிற படம், முன்பல்லு விழுந்த பையன் சிரிக்கிற படம், சிலேட்டுல எழுதுனதைத் தூக்கிக் காட்டுற படம். டீச்சர் இருக்கிற படம் ஒண்ணு கூட இல்ல, ஏன்னா படம் எடுத்தது அவங்க தானே.

அரை பக்கம் வந்ததும் போதும் தம்பி மூடிருன்னுட்டாங்க. "என்னைய நானே நல்ல டீச்சர்னு எழுதிக்க எனக்குக் கை வரலைங்க"ன்னாங்க. அதுக்கு முன்னாடி ஏதோ ஒரு ஆபீஸ்ல விசாரிச்சிருக்காங்க போல, அங்க ஒருத்தர் ஆல்பம் நல்லா போட்டாத் தான்மா ஃபைல் மேல நகரும்னு சொல்லிருக்காரு. அவர் நல்லதுக்குத் தான் சொல்லிருப்பாரு, அப்படித் தான் நடக்குதுன்னு அவருக்குத் தெரியும். ஆனா டீச்சர் காப்பி கூட குடிக்காம எந்திரிச்சுப் போனாங்க, எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்ல.

இப்ப அந்த ஆல்பத்துல எது வராதுன்னு சொல்றேன். எங்க ஊர்ல பொங்கல் முடிஞ்சா செங்கல் சூளைக்குப் போற குடும்பம் நாலஞ்சு இருக்கு. அட்வான்ஸ் வாங்கிருவாங்க, அப்புறம் போயித் தான் ஆகணும், வைகாசி ஆனி வரைக்கும் அங்கயே குடிசை. பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிருவாங்க. அப்படி ஒரு பையன், அப்ப மூணாவது, பொங்கல் லீவு முடிஞ்சு வரவே இல்ல. டீச்சர் பத்து நாள் பார்த்தாங்க, அவங்க அப்பாவுக்குப் போன் போட்டா எடுக்கல. ஒரு ஞாயித்துக்கிழமை என்கிட்ட வந்து "கூட வர்றீங்களா, தனியா போக ஒரு மாதிரி இருக்கு"ன்னாங்க. ரெண்டு பஸ் மாறி, திருச்சியத் தாண்டி, மெயின் ரோட்டுல இறங்கி ஒரு ரெண்டு கிலோமீட்டர் நடந்தோம். வெயில்னா அப்படி ஒரு வெயில். சூளைல பச்சைக் கல்லு வரிசையா காயப் போட்டிருந்துச்சு, அந்தப் பையன் குத்தவச்சு ஒவ்வொரு கல்லா புரட்டி வச்சுக்கிட்டே வர்றான். டீச்சரைப் பார்த்ததும் ஓடி வருவான்னு தான் நான் நினைச்சேன். அவன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி வச்சு மறைச்சுக்கிட்டான், கையெல்லாம் செம்மண்ணு, விரல் நுனி வெடிச்சுக் கிடந்துச்சு. டீச்சர் ஒண்ணுமே கேக்கல. பையில இருந்து அவனோட தமிழ் நோட்டை எடுத்து, பக்கத்தைத் திறந்து, பாதில விட்டுட்டுப் போயிட்டியேடான்னு மட்டும் சொன்னாங்க.

அவங்க அப்பாகிட்ட பேசுனது தான் முக்கியம். சட்டம், கேஸுன்னு ஒரு வார்த்தை பேசல. "அண்ணே, இவனை அவங்க அப்பத்தாகிட்ட விட்டுட்டு வாங்க. காலைல டிபன் ஸ்கூல்ல, மதியம் சாப்பாடு முட்டையோட ஸ்கூல்ல. ராத்திரிக்கு மட்டும் தான் அவங்க பார்க்கணும், அதுவும் முடியாட்டி நாங்க பார்த்துக்கிறோம்"னாங்க. அந்தக் கணக்கு அந்த மனுசனுக்குப் பிடிபட்டுச்சு. அப்பத்தாவுக்கு வயசாச்சு, அதனால தான் விட்டுட்டு வரலன்னு அப்புறமா சொன்னாரு. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட்ல இருந்து எல்லா கவர்மென்ட் தொடக்கப் பள்ளிக்கும் வந்துருச்சு, அது இல்லாம இருந்திருந்தா டீச்சர் என்ன சொல்லி அவரைச் சம்மதிக்க வச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியல. அடுத்த வாரமே பையன் வந்துட்டான். எண்ணும் எழுத்தும்னு சின்ன வகுப்புக்கு ஒரு திட்டம் இருக்கு, அதுல அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைங்களைப் பிரிச்சு வச்சிருப்பாங்க, அவன் அப்ப அரும்பு, எழுத்துக் கூட்டத் தான் வரும். இந்த வருஷம் நாலாவது. எங்க குழுக் கூட்டத்துல போன மாசம் எழுந்து நின்னு ஒரு பாடம் பூரா வாசிச்சான், நடுவுல ஒரே ஒரு இடத்துல தான் நின்னான். இதுல எந்த இடத்துல போட்டோ எடுக்கிறது சொல்லுங்க, அந்தப் பையன் கையை மறைச்சப்பவா?

விருது வாங்குறவங்களை நான் குறைச்சுச் சொல்லல, அதை யாரும் தப்பா எடுத்துக்க வேணாம். வருஷத்துக்கு 380-லருந்து 400-க்குள்ள பேருக்கு மாநில விருது கிடைக்குது, அதுல நிறைய பேரு நிஜமாவே பாடுபட்டவங்க, எங்க வட்டாரத்துலயே அப்படி ஒருத்தர் இருக்கார், அவர் வாங்குனப்ப அவர்கிட்ட படிச்ச பிள்ளைங்க மோட்டார் பைக்ல ஊர்வலமா கூட்டிட்டு வந்தாங்க. ஆனா கவர்மென்ட் ஸ்கூல்ல மட்டும் 2 லட்சத்துக்கு மேல டீச்சருங்க. அவ்வளவு பேர்ல இருந்து பொறுக்கி எடுக்கிறப்ப, முதல் சல்லடையே யாரு மனு போட்டாங்கன்னு இருந்தா எப்படி? தேசிய விருதும் இப்ப அப்படித் தான், 2018-லருந்து டீச்சரே ஆன்லைன்ல விண்ணப்பிக்கணும், முன்னாடி நாடு பூரா முன்னூத்துச் சொச்சம் பேருக்குக் குடுத்துட்டு இருந்ததை அந்த வருஷம் 45 ஆக்கிட்டாங்க. யார் சிபாரிசும் வேணாம், தானே போடலாம்ங்கிறது நல்ல எண்ணத்துல பண்ணது தான்னு நினைக்கிறேன், முன்ன ஆபீஸ் ஆபீஸா சிபாரிசுக்கு அலையணும்னு சொல்வாங்க. ஆனா வெளில சொல்லிக்கத் தெரியாத ஆளுங்களுக்கு ரெண்டு வழியும் அடைச்சுத் தான் கிடக்கு. ஈராசிரியர் பள்ளில இருக்கிற டீச்சருக்கு நேரம் எங்க இருக்கு? அஞ்சு வகுப்பை ரெண்டு பேரு எடுக்கிறாங்க, ஒருத்தர் ட்ரெய்னிங் போயிட்டா இன்னொருத்தர் அஞ்சையும் ஒரே ரூம்ல வச்சுப் பார்க்கணும், நடுவுல EMIS-ல (பிள்ளைங்க விவரம் ஏத்துற கல்வித் துறை கம்ப்யூட்டர் பதிவு) அட்டெண்டன்ஸ் ஏத்தணும், சத்துணவுக் கணக்கு பார்க்கணும், கழிவறைல தண்ணி வரலைன்னா மோட்டாரைப் போடணும். ராத்திரி வீட்டுல உக்காந்து தன்னோட சாதனையை எழுதுன்னா அவங்க தூங்கத் தான் போவாங்க.

பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கிற பாராட்டுலயும் ஒண்ணு உறுத்துது, அது நூத்துக்கு நூறு தேர்ச்சி. பத்தாவது, பன்னெண்டாவதுல எல்லாரும் பாஸ்னா அந்த ஸ்கூல் தலைமையாசிரியரை மேடைல ஏத்திப் பாராட்டுறாங்க. உழைச்சு வாங்குன ஸ்கூலுக்கு அது கண்டிப்பா வேணும். ஆனா எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ஒன்பதாவது படிச்சப்ப, எந்த ஸ்கூல்னு சொல்ல வேணாம், கணக்கும் இங்கிலீஷும் அவனுக்கு வராது, வருஷக் கடைசில அவங்க அம்மாவைக் கூப்பிட்டு டி.சி. வாங்கிட்டு டுடோரியல்ல சேர்த்துருங்க, இங்க இருந்தா ரிசல்ட் போயிரும்னு சொல்லிட்டாங்க. எங்க அக்காவும் பயந்து போயி வாங்கிட்டு வந்துருச்சு. டுடோரியலுக்கு யார் காசு கட்டுறது? இப்ப கோயம்புத்தூர்ல ஒரு பேக்கரில ட்ரே கழுவுறான், வயசு 17. அவன் செட்டுப் பிள்ளைங்க பத்தாவது எழுதுன வருஷம் அந்த ஸ்கூல் நூறு சதவீதம். அந்த நூறுல அவன் இல்ல. இதைச் சரி பண்றதுக்குப் பெரிய வேலை ஒண்ணும் வேணாம், பிள்ளைக்குப் பிள்ளை EMIS நம்பர் இருக்கு, ஒன்பதாவதுல எத்தனை பேர் இருந்தாங்க, அதுல எத்தனை பேர் பத்தாவது பரீட்சை எழுதுனாங்கன்னு கம்ப்யூட்டர் ஒரு நிமிஷத்துல சொல்லிரும். அறுபது பேர் இருந்து அறுபது பேரும் எழுதி அம்பத்தஞ்சு பேர் பாஸான ஸ்கூலை முதல்ல மேடைல ஏத்துங்க. பெயிலான அஞ்சு பேருக்கும் ஜூலைல துணைத் தேர்வு இருக்கு, அவங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி எழுத வச்ச டீச்சர் யாருன்னு கேளுங்க.

2017-ல மாநில அளவுல முதல் இடம், ரெண்டாம் இடம்னு அறிவிக்கிறதை நிறுத்துனாங்க. எனக்கு அது ரொம்ப நல்ல முடிவாத் தான் பட்டுச்சு, இப்பவும் அதே தான். நாங்க படிச்சப்ப ரிசல்ட் அன்னைக்கு டிவில ஒரு பிள்ளை வாய்ல லட்டு ஊட்டுவாங்க, மத்த லட்சக்கணக்கான பிள்ளைங்க வீட்டுல அடி வாங்கிட்டு அதைப் பார்த்துட்டு இருக்கும். அதுக்காகப் பிள்ளைங்களைப் பாராட்டவே வேணாம்னு இல்லையே. 2023-ல திண்டுக்கல்ல ஒரு தச்சுத் தொழிலாளி மகள் பன்னெண்டாவதுல 600-க்கு 600 எடுத்தப்ப எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் அந்தப் பேச்சு தான், அது அரசு உதவி பெறும் பள்ளில படிச்ச பிள்ளை, எங்க பிள்ளைங்க மாதிரி வீட்டுல இருந்து வந்த பிள்ளை. கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்க டாக்டருக்குப் படிக்க 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020-ல வந்துச்சு, அதுக்கப்புறம் எங்க பக்கமெல்லாம் பிள்ளைங்க ஸ்டெத் மாட்டுன படம் ஃப்ளெக்ஸ்ல வருது, அதையும் நின்னு பார்த்துட்டுத் தான் போறோம்.

ஆனா சின்னச் சின்னப் பாராட்டு பிள்ளைங்களுக்கு எவ்வளவு செய்யும்னு நான் கண்ணால பார்த்தேன். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளில எட்டாவது படிச்ச பொண்ணு, எங்க தெருப் பொண்ணு தான், என்.எம்.எம்.எஸ். பரீட்சைல தேறிடுச்சு. அது தெரியாதவங்களுக்கு சொல்றேன், எட்டாவதுல எழுதுற மத்திய அரசு பரீட்சை, தேறுனா ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் மாசம் 1,000 ரூபா, நாலு வருஷத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கே 6,695 இடம் தான். அந்த ஸ்கூல் கணக்கு சார் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து சொல்லிக் குடுத்தார், காசு எதுவும் வாங்கல. ரிசல்ட் வந்த அன்னைக்கு வகுப்புக் கரும்பலகைல மேல் மூலைல அந்தப் பொண்ணு பேரை கலர் சாக்பீஸ்ல எழுதி வாழ்த்துகள்னு போட்டாரு. ஒரு மாசம் அதை யாரும் அழிக்கல. போர்டு துடைக்கிற பையன் அந்த மூலையை மட்டும் விட்டுட்டு மத்ததைத் துடைப்பான், சார் சொன்னதால இல்ல, அவனாவே. அந்தப் பொண்ணு இப்ப ஹைஸ்கூல் போயிருச்சு, இந்த வருஷம் எட்டாவது பிள்ளைங்க ஒம்பது பேர் சனிக்கிழமை கிளாஸுக்குத் தானா வர்றாங்கன்னு அந்த சார் சொன்னாரு.

கலைத் திருவிழாவும் அப்படித் தான். 2022-லருந்து நடக்குது, ஸ்கூல்ல ஜெயிச்சா வட்டாரம், அப்புறம் மாவட்டம், அப்புறம் மாநிலம், மாநிலத்துல ஜெயிச்சா கலையரசன் கலையரசின்னு பட்டம். எங்க பிள்ளைங்க கும்மிக்குப் போனதுங்க. ட்ரெஸ் வாடகைக்கு எடுக்கக் காசு இல்ல, ஆளுக்கு ஒரு பழைய பட்டுச் சேலை, சின்னாளப்பட்டிச் சேலைன்னு வாங்கி எட்டு பாவாடை நான் தான் தைச்சேன், ஜரிகை நைஞ்சு போன இடத்தை உள்பக்கமா மடிச்சு, கரையை மட்டும் வெளில தெரியுற மாதிரி வச்சு, ரெண்டு ராத்திரி ஆச்சு. வட்டாரத்துல ரெண்டாவது. மாவட்டத்துக்குப் போக முடியல, பிள்ளைங்க பஸ்லயே அழுதுச்சுங்க. ஆனா அந்த சான்றிதழ் எட்டு வீட்டுலயும் லேமினேஷன் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிருக்கு. எட்டுல ஆறு வீட்டுல அது தான் அந்தக் குடும்பத்துக்கே முதல் சான்றிதழ்.

எங்க மாவட்டத்துல இதுக்கு ஒரு பழைய வேர் இருக்கு. 1991-ல அறிவொளி இயக்கம் வந்துச்சு, அப்ப ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எங்க அம்மா கல்குவாரில ஜல்லி உடைக்கிற வேலை. பகல் பூரா கல்லு உடைச்சுட்டு ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல உக்காந்து அ, ஆ எழுதினாங்க, அதே வருஷம் சைக்கிளும் கத்துக்கிட்டாங்க, அப்பல்லாம் பொம்பளைங்க சைக்கிள் ஓட்டுறதைப் பார்க்க ஊரே திரண்டு நிக்கும்னு சொல்வாங்க. அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது எங்க ஊர்லயே பத்தாவது முடிச்ச ஒரு அக்கா, சம்பளமே இல்லாத தொண்டர். அவங்களுக்கு எந்த விருதும் வரல. இன்னைக்கு வரைக்கும் எங்க அம்மா அவங்களை டீச்சர்னு தான் கூப்பிடுவாங்க, அவங்க வந்தா எந்திரிச்சு நிப்பாங்க, ரெண்டு பேருக்கும் வயசு வித்தியாசம் பார்த்தா எங்க அம்மா தான் பெரியவங்க.

அதே மாதிரி கல்விச் சீர். காமராஜர் காலத்துல நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநரா இருந்தப்ப பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஊர் ஊரா நடத்துனாங்க, ஜனங்களே பெஞ்சு, கரும்பலகை, நிலம், கட்டடம்னு குடுத்தாங்கன்னு எங்க தாத்தா சொல்வார். அது இப்ப திரும்ப வந்திருக்கு. எங்க ஊர்ல ரெண்டு வருஷம் முன்னாடி பண்ணோம். பொண்ணுக்குச் சீர் கொண்டு போற மாதிரி, மேளம் முன்னாடி போக, தாம்பாளத்துல வாழைப்பழம், தேங்காய், பூவோட சுவர்க் கடிகாரம், நோட்டு, சிலேட்டு, டம்ளரு, பின்னாடி ஆம்பளைங்க தலைல பீரோ, ரெண்டு பேர் ஃபேனு, பாய் ஒரு கட்டு. நான் தாம்பாளம் தூக்கிட்டுப் போனேன். பெரிய டீச்சர் வாசல்ல நின்னு ஆரத்தி எடுத்தாங்க, கை நடுங்குது, கற்பூரம் ரெண்டு தடவை அணைஞ்சு போச்சு. அன்னைக்கு அவங்க முகத்துல பார்த்ததை நான் வேற எப்பவும் பார்த்ததில்ல. வீட்டுக்குப் போற பஸ்ஸை விட்டுட்டு ராத்திரி எட்டு மணி வரைக்கும் அந்தப் பொருளை எல்லாம் அடுக்கிட்டு இருந்தாங்க. மதுரை கொடிக்குளத்துல ஆயி பூரணம் அம்மாள் மகள் நினைவா 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை ஸ்கூலுக்கு எழுதிக் குடுத்தாங்கல்ல, 2024 குடியரசு தினத்துல முதலமைச்சர் விருது குடுத்தாரு. அவங்க எந்த ஃபார்மும் எழுதல. அவங்க செஞ்சது வெளில தெரிஞ்சுச்சு, விருது அவங்களைத் தேடிப் போச்சு. அதே மாதிரி டீச்சரையும் தேடிட்டு வரட்டுமே.

அதுக்கு நான் கேக்கிறது இது தான். டீச்சர் மனு போடறதை எடுத்துட்டு, ஊர் பேரைச் சொல்ற மாதிரி பண்ணுங்க. வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது, அதுல ஒண்ணுல, ஆகஸ்ட் 15 கூட்டத்துலயோ மே 1 கூட்டத்துலயோ, எங்க ஸ்கூல்ல இந்த டீச்சர் இது செஞ்சாங்கன்னு பெத்தவங்க சொல்லட்டும், மேலாண்மைக் குழு அதை ஒரு தீர்மானமா எழுதி அனுப்பட்டும், நாலு வரி போதும். அதை வச்சு வட்டாரக் கல்வி அலுவலரோ வேற மாவட்டத்துல இருந்து ஒரு தலைமையாசிரியரோ சொல்லாம கொள்ளாம ஒரு நாள் வந்து பிள்ளைங்ககிட்ட பேசிப் பார்க்கட்டும், வாசிக்கச் சொல்லிப் பார்க்கட்டும். ஆதாரம் வேணும்னா பிள்ளைங்க தான் ஆதாரம். ஊர்ல சாதி பார்ப்பாங்க, கட்சி பார்ப்பாங்க, வேண்டியவங்க பேரைச் சொல்வாங்கன்னு சில பேர் சொல்வாங்க, அந்தப் பயம் எனக்கும் இருக்கு, கிராம சபைல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாததில்ல. அதனால தான் பேர் சொல்றது ஊரா இருக்கணும், முடிவு பண்றது வெளியாளா இருக்கணும்ங்கிறேன். டவுன்ல கிராம சபை இல்ல, அங்க மேலாண்மைக் குழுவே போதும்.

இன்னொண்ணு, ஸ்கூல்னா டீச்சர் மட்டும் இல்ல. காலைல அஞ்சரைக்கு வந்து உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ செய்யுற மகளிர் குழு அக்காங்க, அவங்க பிள்ளைங்களும் அங்கேயே தான் படிக்குதுங்க. மதியச் சாப்பாடு போடுற ஆயா, எந்தப் பிள்ளை முட்டையைச் சாப்பிடாம வீட்டுத் தங்கச்சிக்கு எடுத்துட்டுப் போகுதுன்னு அவங்களுக்குத் தான் தெரியும், டீச்சருக்கே அவங்க சொல்லித் தான் தெரிஞ்சுச்சு. பெரிய பள்ளிக்கூடத்துல பகுதிநேரமா ஓவியம், தையல், விளையாட்டு சொல்லிக் குடுக்கிறவங்க, 2012-ல சேர்ந்தவங்க இன்னும் தொகுப்பூதியத்துல தான் இருக்காங்க, நான் மெஷின் மிதிக்கக் கத்துக்கிட்டதே அப்படி ஒரு தையல் டீச்சர்கிட்ட தான். விருது விழாவுல ஒரு வரிசை இவங்களுக்கும் போடுங்க. அதே மாதிரி பாராட்டுச் சான்றிதழைச் சென்னை மேடைல குடுத்தாலும், அப்புறம் ஒரு நாள் அந்த ஸ்கூல்லயே, பிள்ளைங்க முன்னாடி, பெத்தவங்க முன்னாடி இன்னொரு தடவை குடுங்க. 41 பிள்ளைங்க சென்னைக்கு வர முடியாது, ஆனா கை தட்டத் தெரியும்.

வர்ற ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நான் ஒரு தீர்மானம் எழுதி வச்சிருக்கேன், தம்பியோட லேப்டாப்ல இல்ல, தையல் கணக்கு எழுதுற நோட்டுலயே. செங்கல் சூளைக்குப் போனது, அப்பத்தாகிட்ட விட்டது, அவன் பாடம் வாசிச்சது, இது மூணு தான் அதுல இருக்கு. ஊராட்சி செயலர்கிட்ட காட்டுனேன், இதை எங்க அனுப்புறதுன்னு எந்த வழிமுறையும் இல்லையேம்மான்னாரு. இருந்தாலும் பதிவு பண்றேன்னு சொல்லிருக்காரு. அந்தப் பையனோட அப்பத்தா கைநாட்டு வைக்க மாட்டேன், கையெழுத்துத் தான் போடுவேன்னு சொல்லிருச்சு, அதுவும் அறிவொளில படிச்சது தான். பெரிய டீச்சருக்கு இது எதுவும் தெரியாது. ஊர்ப் பேரும் ஸ்கூல் பேரும் போடாம எழுதுனதுக்கு அது தான் காரணம், அன்னைக்குக் கூட்டத்துல தான் அவங்களுக்குத் தெரியணும்னு ஆசைப்படுறோம்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி,
கந்தர்வகோட்டை வட்டாரம், புதுக்கோட்டை மாவட்டம்.